புது ஸ்பேர் பார்ட்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன்: டூவீலர்காரர்களுக்கு ஒரு செக்கிங் வழிகாட்டி

பிரேக் ஷூ மாற்றிய மறுநாளே பிரேக் முன்பைவிட மோசமாக இருந்தால் திட்டெல்லாம் மெக்கானிக்குக்குப் போகிறது. பல நேரம் தப்பு அவர் கையில் இல்லை, பாக்கெட்டுக்குள் இருக்கிறது. லைனிங் சரியாக ஒட்டாத ஷூ, பதம் போடாத (சூடாக்கிக் கடினமாக்காத) ஸ்ப்ராக்கெட் என்ற செயின் பல்சக்கரம், அரை மில்லி பெருத்துப்போன நிப்பிள் (கம்பி முனைக் குண்டு) உள்ள கேபிள் எல்லாமே பளபளக்கும் அட்டைப்பெட்டியில்தான் வருகின்றன. "100 சதவீதம் பரிசோதிக்கப்பட்டது" என்ற வரியும் பெட்டியில் இருக்கும். மனுஷன் உயிர் தொங்குகிற சாமானில் அந்த வரியைப் பொய்யாக அச்சடிப்பது சின்னத் தப்பு இல்லை.

டூப்ளிகேட் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வண்டி கம்பெனி பிரேக் ஷூவையும் செயினையும் பெரும்பாலும் தானே செய்வதில்லை, சப்ளையரிடம் வாங்குகிறது. அந்த சப்ளையர் தன் சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு விற்கிறார். பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஒவ்வொரு பீஸையும் அளந்து பார்ப்பது கிடையாது. ஒரு லாட்டில் சிலவற்றை எடுத்து அளப்பார்கள். அச்சு தேய்ந்துபோன கடைசி நேரத்தில் வார்த்த பீஸ், அடுப்புச் சூடு குறைந்திருந்த நேரத்தில் பதம் போட்ட பீஸ் போன்றவை அந்த சாம்பிளில் சிக்காமல் தப்பி வரும். அதனால் பெயரை மட்டும் நம்பி வாங்காமல், கையில் இருக்கும் பீஸைப் பார்த்து வாங்க வேண்டும்.

இதை ஏன் கடையிலேயே செய்ய வேண்டும் என்றால், நம் ஊர்க்காரர்களுக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. கடலூரில் இருப்பவர் பல பேர் பாகம் கிடைக்கவில்லை என்று பாண்டிக்குப் போய் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்து, மறுபடி இருபது கிலோமீட்டருக்கு மேல் போய் மாற்றுவதற்குள் வெறுத்துப்போய் "பரவாயில்லை, போடுங்க" என்று சொல்லிவிடுவோம். அந்தப் "பரவாயில்லை"யில்தான் மட்டமான சரக்கு விலை போகிறது.

கையில் என்ன வேண்டும்

ஆறு இஞ்ச் வெர்னியர் ஒன்று (கனம், விட்டம் நுணுக்கமாக அளக்கும் கருவி, சாதாரண ஸ்டீலே போதும்), ஒரு சின்ன தட்டை அரம், ஸ்டீல் டேப், ஐந்து ரூபாய் நாணயம், போன் டார்ச். எல்லாவற்றையும்விட முக்கியமானது கழற்றிய பழைய பாகம். அதைத் துடைத்து ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஆர்.சி.யின் போட்டோவும் வேண்டும். ஒரே பெயரில் டிரம் வண்டி, டிஸ்க் வண்டி, 2020 ஏப்ரலுக்கு முந்தைய பி.எஸ்.4, பிந்தைய பி.எஸ்.6 (இரண்டும் புகை விதியின் நிலைகள்) என்று பல ரகம் ஓடுகிறது. வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவது பக்கத்து ரகத்தின் பாகமாக இருக்கலாம்.

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஹோலோகிராம் இல்லை, அதை யாரும் அச்சடித்துவிடலாம். தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயரும் முழு முகவரியும், தயாரித்த மாதமும் வருடமும், எம்.ஆர்.பி., புகார் சொல்ல போன் அல்லது மின்னஞ்சல் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பேக் செய்து விற்கும் பொருளில் இவை இருந்தாக வேண்டும் என்பது 2011-ஆம் வருட சட்டமுறை எடையளவு விதி. முகவரி இல்லாத பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்ச் நம்பர் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

பிரேக் ஷூ

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மற்றவை கெட்டால் வண்டி ஓடாமல் நிற்கும். இது கெட்டால் ஓடும் வண்டி நிற்காது.

ஷூவை உள்ளங்கையில் வைத்து, நாணயத்தின் விளிம்பால் லைனிங் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரற்கடைக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டியிருந்தால் முழுக்க ஒரே மாதிரி "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்கும். நடுவில் எங்காவது "பொத்" என்று சத்தம் தணிந்தால் அங்கே பசை பிடிக்கவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து லைனிங்குக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் கோடு தெரிகிறதா பாருங்கள், நகம் உள்ளே போனால் தீர்ந்தது. இப்படிப்பட்ட லைனிங் சூட்டில் கழன்று டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

அடுத்து இரண்டு ஷூவையும் அருகருகே வைத்து லைனிங் கனத்தை வெர்னியரால் நடுவிலும் இரு முனையிலும் அளங்கள். ஒன்றுக்கொன்று அரை மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஜோடி வேண்டாம். ஷூவை விரிக்கும் கேம் உட்காரும் தட்டை முகமும், மறு முனையில் ஆணி (பின்) மேல் உட்காரும் அரைவட்டமும் வழவழப்பாக இருக்க வேண்டும். வார்ப்பு பிசிறு இருந்தால் ஷூ முழுதாகத் திரும்பி வராமல் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் சுடும். கூட வரும் ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சுற்றுகள் ஒன்றை ஒன்று ஒட்டியபடி இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அதில் வலு இல்லை.

பொருத்துவதற்கு முன் டிரம்மையும் அளங்கள். 130 மி.மீ. டிரம்மில் தேய்மான எல்லை பெரும்பாலும் 131 என்றும், 110 டிரம்மில் 111 என்றும் டிரம்மிலேயே பொறித்திருக்கும். விளிம்பில் நிற்கும் வரப்பை விட்டு உள்ளே தள்ளி அளக்க வேண்டும். எல்லை தாண்டிய டிரம்மில் எவ்வளவு நல்ல ஷூ போட்டாலும் நடுவில் மட்டும்தான் படும். அப்போது ஷூவைக் குறை சொல்வது நியாயமில்லை. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது.

மாட்டி முடித்ததும் பிரேக்கை அழுத்திப் பிடித்து, பிரேக் ஆர்ம் பக்கத்தில் உள்ள தேய்மான அம்புக்குறியைப் பாருங்கள். புது ஷூவில் அது ஆரம்பக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் நாளே பாதி தூரம் போயிருந்தால் லைனிங் மெலிசு, அல்லது டிரம் தேய்ந்தது. இரண்டில் எது என்பது நீங்கள் முன்பே அளந்த கணக்கில் தெரிந்துவிடும். ராடும் ஆர்மும் அழுத்தும்போது 90 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மிதிக்கிற பலம் வீண். பின் பிரேக் பெடலில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் வையுங்கள். முதல் 150, 200 கிலோமீட்டர் மெதுவாகப் பிடித்துப் பழக்குங்கள். அதற்குள் கடலூர் பைபாஸில் முழு வேகத்தில் ஓட்டி அழுத்தினால் லைனிங் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அப்படி ஆனதற்கு கம்பெனி பொறுப்பில்லை.

செயின் செட்

செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே பெட்டியில் வரும் மூன்றும் ஒரே தரமாக இருக்கும் என்று நம்புவதுதான் பிசகு. செயின் நல்ல இடத்தில் செய்ததாகவும், ஸ்ப்ராக்கெட் வேறெங்கோ வெட்டியதாகவும் இருப்பது சாதாரணம்.

நம் ஊர் கம்யூட்டர் வண்டிகளில் அதிகம் ஓடுவது 428 செயின். இதன் பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு பின்னுக்கு நடுவில் உள்ள தூரம்) 12.7 மி.மீ. செயினைப் பேப்பர் மேல் நேராகப் போட்டு, இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 40 பிட்ச் தள்ளி இருக்கும் பின்னின் நடுவரை டேப் வையுங்கள். 508 மி.மீ. வர வேண்டும். புதுச் செயினிலேயே 510-ஐத் தாண்டினால் பின்னும் புஷ்ஷும் தொளதொள என்று செய்யப்பட்டவை; சீக்கிரமே நீளும். பிறகு ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பாருங்கள். மடக்கினபடியே நிற்கும் விறைத்த கண்ணி ஒன்று இருந்தாலும், ஓடும்போது சுற்றுக்கு ஒரு முறை "கடக்" என்று அடிக்கும். ரோலர்கள் விரலால் தள்ளினால் சுற்ற வேண்டும்.

ஸ்ப்ராக்கெட்டுக்கு அரம்தான் நீதிபதி. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே பல்லின் ஓரத்தில் அரத்தை ஒரே ஒரு முறை இழுங்கள். பதம் போட்ட பல்லில் அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கும், "சீய்" என்று மெல்லிய சத்தம் வரும். அரம் கடித்து, வெள்ளித் தூள் விரலில் ஒட்டினால் அந்த ஸ்ப்ராக்கெட் வெறும் இரும்புத் தகடு. சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே பல் கொக்கி மாதிரி வளைந்துவிடும், நல்ல செயினையும் கூடவே தின்றுவிடும். இந்த ஒரு இழுப்புக்குச் சம்மதிக்காத கடையில் செயின் செட் வாங்காமல் இருப்பது நல்லது.

பின் ஸ்ப்ராக்கெட் ஹப்பில் கையால் உட்கார வேண்டும், உட்கார்ந்தபின் ஆடக் கூடாது. போல்ட் ஓட்டை ஒத்துவரவில்லை என்றால் சில பட்டறைகளில் டிரில் போட்டுப் பெரிதாக்கிவிடுவார்கள். அதை அனுமதிக்காதீர்கள், ஸ்ப்ராக்கெட் மையம் விலகி, செயின் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொங்கும். மாட்டியபின் சக்கரத்தைச் சுற்றி நான்கு இடத்தில் தொய்வை அளங்கள். பொதுவாக 20 முதல் 30 மி.மீ., உங்கள் வண்டி புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. நான்கு இடத்துக்கும் வித்தியாசம் பத்து மில்லிக்கு மேல் இருந்தால் ஸ்ப்ராக்கெட் கோணல், திருப்பிக் கொடுங்கள். செயின் முனைகளை இணைக்கும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

கிளட்ச் கேபிள்

கேபிள் ஏன் நிப்பிள் பக்கத்திலேயே அறுகிறது என்று யோசித்திருப்பீர்கள். லீவரை இழுக்கும்போது நிப்பிள் தன் குழிக்குள் திரும்பிக் கொடுக்க வேண்டும். அது கொஞ்சம் பெருத்திருந்தால் திரும்பாது. அப்போது ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி நிப்பிளின் கழுத்தில் மடங்கும். பாண்டியில் இந்திரா காந்தி சிலையிலிருந்து மரப்பாலம் தாண்டுவதற்குள் எத்தனை முறை கிளட்ச் பிடிக்கிறோம் என்று பாருங்கள். அத்தனை முறையும் அதே இடத்தில் மடங்கி ஒவ்வொரு இழையாக அறுகிறது. எனவே கேபிளை வாங்கும் முன் நிப்பிளை உங்கள் லீவரின் குழியில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். வண்டி கடை வாசலில்தானே நிற்கிறது.

நீளத்தைப் பொறுத்தவரை வெளி உறையை அளந்தால் மட்டும் போதாது. பழையது, புதியது இரண்டையும் நேராகப் பிடித்து, ஒரு முனையில் கம்பியை இழுத்துவிட்டு, மறு முனையில் வெளியே நிற்கும் கம்பியை அளங்கள். அது குட்டையாக இருந்தால் லீவரில் ஆட்டமே வைக்க முடியாது, கிளட்ச் பிளேட் வழுக்கிக் கருகும். நீளமாக இருந்தால் அட்ஜஸ்டர் கடைசிவரை போயும் கியர் இடிக்கும். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் கிடைத்து, அட்ஜஸ்டரில் இன்னும் பாதி மரை மிச்சம் இருக்க வேண்டும்.

பேரிங்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர். அப்படி ஹப் முங்கிய வண்டிகளுக்கு வீல் பேரிங் மாற்றியே ஆக வேண்டும். அப்படி ஊரே ஒரே நேரத்தில் வாங்கும்போதுதான் எந்தச் சரக்கும் கடையில் நிற்காமல் போகும், அதனால் மழைக்காலத்தில் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

எண்ணைப் படித்தால் அளவு தெரியும். 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. 6202 என்றால் 15, 35, 11. 6203 என்றால் 17, 40, 12. பெட்டியில் மட்டுமல்ல, பேரிங்கின் முகத்திலேயே எண் இருக்க வேண்டும். வெர்னியரில் வெளிவிட்டம் ஒரு பாயிண்ட் குறைந்தாலும் வேண்டாம். அது ஹப்புக்குள் தானாக விழும். பிறகு ஹப்பில் பஞ்ச் அடித்தோ தகடு சுற்றியோ இறுக்குவார்கள், அலுமினிய ஹப் பாழாகும். தேவனாம்பட்டினம், முதுநகர், தேங்காய்த்திட்டு மாதிரி கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதைத்தான் கேளுங்கள், தகர மூடி உள்ளது உப்புத் தண்ணீரைத் தடுக்காது. உள் வளையத்தில் விரல் விட்டு மெதுவாகச் சுற்றினால் கிரீஸின் கனம் மட்டும் தெரிய வேண்டும். மணல் நெருடுவதுபோல் இருந்தால் அடுத்த பீஸ்.

இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் பாதையில் பள்ளம் போடும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் உள்ள டிஸ்டன்ஸ் காலரை (இடைவெளிக் குழாயை) மறந்துவிட்டு ஆக்ஸில் இறுக்கினால் நல்ல பேரிங்கும் சில நாளில் கத்தும்.

மற்றவை, சுருக்கமாக

பெட்ரோல் டியூப்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குத் தாங்காத ரப்பர் ஊதி மெத்தென்று ஆகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோலில் ஒரு நாள் போட்டு, அடுப்படியிலிருந்து தள்ளி வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். மறுநாள் கனம் கூடியிருந்தால், நகம் அழுத்தின தடம் மறையாமல் நின்றால், அந்த டியூப்பை வண்டியில் போடாதீர்கள்.

டிஸ்க் போல்ட்: தலையில் 8.8 அல்லது 10.9 என்று (வலுவைக் குறிக்கும் எண்) பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்டைச் சைடு கவருக்குப் போடலாம், பிரேக்குக்குக் கூடாது.

பிரேக் ஆயில்: டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. நம் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த டப்பா சீக்கிரம் ஈரம் இழுக்கும், சீல் உடையாத சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

டயர்: ஐ.எஸ்.ஐ. முத்திரையும், பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியும் பாருங்கள். 1425 என்றால் 2025-இன் 14-ஆவது வாரம்.

கெட்ட பாகத்தைத் திருப்புவது

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் இது எதுவும் நடக்காது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதியிருந்தாலும், பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கடைக்காரரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். அவரும் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வைத்தவர்தான். நல்ல கடைக்காரர் உங்கள் அளவுகளைக் காட்டி ஏஜென்டிடம் பேசுவார்.

கம்பெனிக்கு எழுதும்போது "ரொம்ப மட்டமான சரக்கு" என்று எழுதினால் அந்தக் கடிதம் எங்கும் போகாது. இப்படி எழுதுங்கள்: "பாகம் எண் இது, பேட்ச் இது, வாங்கிய நாள் இது. பின் பிரேக் ஷூ, லைனிங் கனம் ஒரு ஷூவில் 4.0, மற்றொன்றில் 3.2 மி.மீ. வெர்னியருடன் எடுத்த படம் இணைப்பு. டிரம் 130.2, எல்லைக்குள் இருக்கிறது. மாற்றித் தரவும், இந்த பேட்சைச் சரிபார்க்கவும்." இதைப் படிக்கும் தர ஆய்வாளருக்கு எந்த லாட்டில், எந்த அச்சில் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். நூறு பேர் இப்படி எழுதினால் அந்த அச்சு மாறும்.

பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பாண்டியில் வாங்கியதற்குப் பாண்டியில்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடலூர்க்காரர் கடலூரிலேயே.

உடைந்த பாகத்தை மட்டும் யாரிடமும் எழுத்துச் சீட்டு வாங்காமல் கொடுத்துவிடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல முடியும். உடைந்த முகத்தில்தான் சாட்சி இருக்கிறது. வார்ப்பில் காற்றுக்குமிழ் இருந்ததா, பழைய விரிசல் கறுத்திருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். அதனால் இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். உடைந்த அன்றே போட்டோ எடுத்து, உடைந்த முகத்தில் மெல்லிசாக எஞ்சின் ஆயில் தடவி, தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் திறந்து கிடந்தால் நாலு நாளில் துரு மூடிவிடும்.